மின்விமான இறக்கையில் பனிக்கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரியால் பறக்கும் விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், குமரி மாவட்டப் பொறியியல் மாணவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு தூரம் போகும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான். இறக்கையில் படியும் பனிக்கட்டியைப் பற்றிய கேள்வி பின்னால்தான் வருகிறது. ஆனால் வந்த பிறகு எளிதில் ஓய்வதில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதி மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், காற்றாலைகளிலும் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலும் வேலை பார்ப்பவர்களும் கேட்டவற்றுள் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கணக்கு வரும் இடங்களை அவசரப்படாமல் படிக்க வேண்டுகிறேன். இந்தப் பொருளின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

உறைபனியையே காணாத குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் உயரே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குறைந்துகொண்டே வருவதால், நம் தலைக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது 16,000 அடியை ஒட்டி, ஆண்டு முழுவதும் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுகிறது. சித்திரை, வைகாசியின் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையிலும் எழும் இடிமேகங்கள் அந்த மட்டத்தைத் தாண்டி மேலும் பல கிலோமீட்டர் உயர்கின்றன. திருவனந்தபுரத்தில் ஏறி நாம் பயணம் செய்யும் ஜெட் விமானங்கள் எல்லாம் அந்த அடுக்கைக் கடந்துதான் மேலே போகின்றன.

வெப்பமண்டலம் என்பதாலேயே பனிக்கட்டியால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம், நிலநடுக்கோட்டை ஒட்டிய இடிமேகக் கூட்டத்தைக் கடக்கும்போது அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். அந்த விபத்தில் பழுதுபட்டது இறக்கை அல்ல என்றாலும், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

நம் மாவட்டத்தின் மேலே 3,000 அடியில் பறக்கும் ஒரு சிறிய மின்விமானம் பனிக்கட்டியைச் சந்திக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு மாவட்டத்துக்காக யாரும் விமானம் வடிவமைப்பதில்லை. இங்கே படித்து சென்னை, பெங்களூரு, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் மாணவர்கள் கையில் வரும் விமானம், ஸ்ரீநகரிலும் லேயிலும் ஓஸ்லோவிலும் பறக்க வேண்டியதாக இருக்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே நீர் உறைந்துவிட வேண்டுமே, மேகத்தில் துளியாக எப்படி இருக்கிறது?

நீர் உறையத் தொடங்குவதற்கு ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது. தூசியின் நுண்துகளோ ஏற்கெனவே உறைந்த ஒரு படிகமோ அதற்கு உதவுகிறது. மேகத்தின் துளிகள் மிகச் சிறியவை, தூய்மையானவை. ஆகவே பிடிமானம் கிடைக்காத துளிகள் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் நீராகவே மிதக்கின்றன. ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரியில்தான் எந்தப் பிடிமானமும் இல்லாமல் தாமாக உறைகின்றன. இவற்றை மிகைக்குளிர்ந்த துளிகள் என்கிறோம். இந்தத் துளிகளுக்குள் பாய்ந்து வரும் இறக்கையின் முன்விளிம்பே அவை காத்திருந்த பிடிமானமாகிவிடுகிறது.

கடுங்குளிரில் சிறு துளிகள் மோதிய கணமே உறைந்து, காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு, வெண்மையாகவும் சொரசொரப்பாகவும் படிகின்றன. பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் துளி உடனே முழுவதும் உறையாமல் சற்றுப் பின்னோக்கி வழிந்து, கண்ணாடி போன்ற தெளிவான பனிக்கட்டியாகிறது. இரண்டாவது வகை கண்ணுக்கு எளிதில் தெரியாது, கெட்டியாக ஒட்டும், முன்விளிம்பின் மேலும் கீழும் இரண்டு கொம்புகளாக வளரும். ஆபத்தில் மூத்தது அதுவே.

சிறிதளவு பனிக்கட்டியின் எடையை விமானம் தாங்காதா?

எடை இங்கே இரண்டாம் பட்சம். முதற்கேடு வடிவத்துக்கு நேர்வது. இறக்கையின் மேற்பரப்பில் காற்று வழுக்கிக்கொண்டு ஒட்டி ஓடினால்தான் ஏற்றுவிசை பிறக்கும். முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் உப்புத்தாளின் சொரசொரப்பு அளவுக்குப் பனி படிந்தாலே ஏற்றுவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்பது விமானிகளுக்குப் பயிற்சியில் சொல்லித்தரப்படும் அளவுகோல். அதைவிடக் கொடியது, இறக்கை ஏற்றுவிசையை இழக்கும் கோணம், அதாவது ஸ்டால் ஆகும் கோணம், விமானிக்குத் தெரியாமலே தாழ்ந்துவிடுவது. எச்சரிக்கைக் கருவி சுத்தமான இறக்கைக்கு அளவிடப்பட்டதாக இருந்தால், அது ஒலிப்பதற்கு முன்பே விமானம் கவிழத் தொடங்கிவிடும்.

1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே, இறங்க அனுமதி வரும்வரை வட்டமடித்துக்கொண்டிருந்த ஏடிஆர் 72 ரக விமானத்தின் மேல் வழக்கத்தைவிடப் பெரிய துளிகள் மோதின. முன்விளிம்பின் பாதுகாப்புப் பட்டைக்குப் பின்னால் பனிக்கட்டி வரம்பு போல எழும்பியது. அதனால் காற்றோட்டம் குலைந்து, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்களான ஏலரான்கள் தாமாகத் திரும்ப, விமானம் உருண்டு விழுந்தது. அதில் இருந்த 68 பேரும் இறந்தனர். இந்த விபத்தைப் படிக்காமல் யாரும் இந்தத் துறைக்குள் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வால் இறக்கையையும் மறந்துவிட வேண்டாம். அது மெல்லியது. மெல்லிய முன்விளிம்பை விட்டு விலகிச் செல்லத் துளிகளுக்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே பிரதான இறக்கையில் ஒன்றும் தெரியாதபோதும் வாலில் பனிக்கட்டி வளர்ந்திருக்கக்கூடும்.

எரிபொருள் விமானங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

ஜெட் விமானங்கள் என்ஜினின் அழுத்தி அறையிலிருந்து சூடான காற்றைப் பிரித்தெடுத்துக் குழாய் வழியாக முன்விளிம்புக்குள் செலுத்துகின்றன. டர்பைனால் சுழலியை ஓட்டும் டர்போபிராப் விமானங்கள் பெரும்பாலும் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர்ப் பட்டைகளைக் காற்றால் உப்பவைத்துப் பனிக்கட்டியை உடைக்கின்றன. 1930களில் குட்ரிச் நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. இன்னும் சில சிறு விமானங்களில் டைட்டானியத் தகட்டில் லேசரால் இட்ட, தலைமுடியளவு நுண்துளைகள் வழியாகக் உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் கலந்த திரவத்தைக் கசியவிட்டு, பனிக்கட்டி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவற்றையே மின்விமானத்திலும் வைத்துவிட்டால் என்ன?

எரிபொருள் என்ஜின் தான் எரிக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது. அவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கும் என்ஜினிடமிருந்து சிறிது எடுத்து இறக்கையைச் சூடாக்கினால் பெரிய இழப்பு இல்லை. மின்விமானத்தில் சூடான காற்றைத் தரும் அழுத்தியும் இல்லை, வீணாகும் பெருவெப்பமும் இல்லை. மோட்டார் 90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ளது. நாம் பாராட்டும் அதே சிறப்பு இங்கே குறையாக வந்து நிற்கிறது.

இதோடு பேட்டரியின் எடையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12,000 வாட் மணி ஆற்றல் உண்டு. நல்ல லித்தியம் அயனிக் கலத்தில் ஒரு கிலோவுக்கு 250 வாட் மணி அளவில் இருக்கிறது. கலங்களைச் சட்டகம், குளிர்விப்பு, தீத்தடுப்பு எல்லாம் சேர்த்துத் தொகுப்பாக்கினால் அது மேலும் குறையும். எரிபொருளாவது எரிய எரிய எடை குறையும். பேட்டரி, காலியானாலும் அதே எடையோடு தரையிறங்கும். ஆகவே மின்விமானத்தில் பனிக்கட்டிப் பாதுகாப்பு என்பது ஆற்றல் வரவுசெலவில் தனித் தலைப்பு பெறும் ஒரு செலவு. இறக்கையைச் சூடாக்கும் ஒவ்வொரு வாட் மணியும் பயணிகளின் இருக்கையிலிருந்தோ, பறக்கும் தூரத்திலிருந்தோ, அவசரத்துக்கு ஒதுக்கிய இருப்பிலிருந்தோ எடுக்கப்படுகிறது.

எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்? எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

முடியும், கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கை நுனிக்கு நுனி 14 மீட்டர், சராசரித் தடிமன் 20 சென்டிமீட்டர், வேகம் வினாடிக்கு 70 மீட்டர் (மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர்). வெளியே மைனஸ் 10 டிகிரி. மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் மிகைக்குளிர்ந்த நீர். எதிர்ப்படும் துளிகளில் 30 சதவீதம் இறக்கையில் மோதுவதாகக் கொள்வோம். இறக்கையின் முகப்பு 2.8 சதுர மீட்டர். அது ஒரு வினாடிக்குள் 196 கன மீட்டர் மேகத்தைத் துழாவுகிறது. அதிலுள்ள 98 கிராம் நீரில் 29 கிராம் இறக்கையில் விழுகிறது. நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ.

முதல் வழி, விழும் நீர் அனைத்தையும் அப்படியே ஆவியாக்கிவிடுவது. பாதுகாப்பில் இதை விஞ்ச ஒன்றில்லை. ஆனால் ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,500 கிலோஜூல் வேண்டும். 29 கிராமுக்கு வினாடிதோறும் 73 கிலோஜூல், அதாவது 73 கிலோவாட். காற்று கொண்டுபோகும் வெப்பத்தையும் சேர்த்தால் 80 கிலோவாட்டைத் தாண்டும். இப்படிப்பட்ட விமானம் சீராகப் பறக்கவே 150 முதல் 200 கிலோவாட்தான் தேவைப்படும். அரை மணி நேரம் மேகத்தில் இருந்தால் 40 கிலோவாட் மணி செலவாகும். கிலோவுக்கு 200 வாட் மணி தரும் பேட்டரித் தொகுப்பில் அது 200 கிலோ எடை. இரண்டு பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் இறக்கிவிட்டுப் போகச் சமம்.

இரண்டாம் வழி, நீரை ஆவியாக்காமல், உறையவும் விடாமல், முன்விளிம்பை 2 டிகிரி அளவில் ஈரமாகவே வைத்திருப்பது. துளிகள் ஏற்கெனவே நீராக இருப்பதால், உருக்கும் வெப்பத்தை நாம் கொடுக்க வேண்டியதில்லை. நீரைச் சற்றே சூடாக்கி, காற்று பறித்துப்போகும் வெப்பத்தை ஈடு செய்தால் போதும். மேற்சொன்ன இறக்கைக்கு இது 10 கிலோவாட் அளவில் அடங்கும். அரை மணி நேரத்துக்கு 25 கிலோ பேட்டரி. இதிலுள்ள ஆபத்து, வழிந்தோடும் நீர் சூடான பகுதியைத் தாண்டியதும் மீண்டும் உறைந்துவிடுவது. ரோஸ்லானில் வரம்பு எழும்பிய இடம் போன்றதொரு இடத்தில் நாமே பனிக்கட்டியை வளர்த்துவிடுவோம்.

மூன்றாம் வழி, சிறிதளவு படியவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் உதிர்த்துவிடுவது. அதை அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் மின்விமானத்தின் எதிர்காலம் பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கிறது.

பனிக்கட்டி முழுவதையும் உருக்காமல் எப்படி உதிர்க்க முடியும்?

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ ஐஸ் பிளாண்டுக்குள் சென்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். உப்புநீர்த் தொட்டியில் உறைந்த பெரிய கட்டியை டின்னிலிருந்து எடுக்க யாரும் அதைச் சுத்தியலால் அடிப்பதில்லை, உருக்குவதும் இல்லை. டின்னைச் சாதாரண நீரில் சற்று நேரம் முக்கி எடுத்துச் சாய்க்கிறார்கள். தகரத்தை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் நீராகி, கட்டி முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. பிடியை விடுவிக்க ஒரு படலத்தை உருக்கினால் போதும்.

இறக்கையிலும் செய்ய வேண்டியது அதுவே. முன்விளிம்பின் தோலுக்கு அடியில், இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் அடுக்குகளுக்கு நடுவே, கார்பன் இழையாலோ உலோகப் படலத்தாலோ ஆன சூடேற்றிகள் பகுதி பகுதியாகப் பதிக்கப்படுகின்றன. ஒரு பகுதியில் சில மில்லிமீட்டர் பனிக்கட்டி படிந்ததும் அதற்கு மட்டும் சில வினாடிகள் பலமான மின்சாரம் பாய்கிறது. தோலின் வெப்பநிலை பூஜ்யத்தைக் கடந்த கணத்தில் பனிக்கட்டியின் அடிப்புறம் நீர்ப்படலமாகிறது. எதிர்க்காற்று கட்டியைப் பெயர்த்து எறிகிறது. உடனே மின்சாரம் நிறுத்தப்பட்டு அடுத்த பகுதிக்குப் போகிறது. எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் பேட்டரி ஒரு கணம் 70 கிலோவாட்டைக் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். வரிசை முறையில் கொடுத்தால் பளு சீராக இருக்கும். முன்விளிம்பின் நடுக்கோட்டில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் எப்போதும் சூடாக வைக்கப்படுகிறது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் பனிக்கட்டி மேலும் கீழும் ஒரே கவசமாகச் சேர்ந்துகொள்ளும், எதிர்க்காற்றும் அதைப் பெயர்ப்பதற்குப் பதில் இறக்கையோடு அழுத்திப் பிடிக்கும்.

கணக்கும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. 2.8 சதுர மீட்டர் பரப்பில் 0.1 மில்லிமீட்டர் படலம் என்பது கால் கிலோவுக்குச் சற்றே அதிகமான பனிக்கட்டி. அதை உருக்க ஏறக்குறைய 86 கிலோஜூல். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை செய்தாலும் சராசரி ஒரு கிலோவாட்டுக்குள்தான். தோலுக்குள்ளும் பனிக்கட்டிக்குள்ளும் கசிந்துபோகும் வெப்பத்தையும் நடுப்பட்டையையும் சேர்த்தால் 3 முதல் 5 கிலோவாட் ஆகலாம். அரை மணி நேரத்துக்கு 15 கிலோவுக்குக் குறைவான பேட்டரி போதும்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. இரண்டு உதிர்ப்புகளுக்கு நடுவே இறக்கையில் இருக்கும் பனிக்கட்டி இழுவையைக் கூட்டுகிறது. அது 10 சதவீதம் கூடினாலே மோட்டார் 15 முதல் 20 கிலோவாட் அதிகமாக இழுக்கும். சூடேற்றியில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். சூடேற்றியின் செலவையும் இழுவையின் செலவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எங்கே குறைவாக இருக்கிறதோ அங்கே இடைவெளியை நிர்ணயிப்பவரே நல்ல வடிவமைப்பாளர்.

போயிங் 787 ஏற்கெனவே மின்சாரத்தால்தானே இறக்கையைச் சூடாக்குகிறது?

ஆம். 2011இல் பயணிகள் சேவைக்கு வந்த 787, சூடான காற்றுக் குழாய்களை விட்டுவிட்டு, இறக்கையின் முன்விளிம்பில் உள்ள, ஸ்லாட் (slat) எனப்படும் நகரும் மடல்களுக்குள் மின்சூடேற்றி விரிப்புகளைப் பதித்தது. பழைய முறைக்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய பாதியே இதற்குப் போதும் என்று போயிங் விளக்கியது. கூட்டுப்பொருள் இறக்கைக்குள் வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம் என்பதை அந்த விமானம் நடைமுறையில் காட்டிவிட்டது. அந்த வகையில் மின்விமானங்களுக்கு அது முன்னோடி. ஆனால் அதன் இரண்டு என்ஜின்களிலும் 250 கிலோவோல்ட் ஆம்பியர் திறனுள்ள மின்னாக்கிகள் இரண்டிரண்டு இருக்கின்றன. அவற்றைச் சுழற்றுவது எரிபொருள். பேட்டரி விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

வெப்பமே இல்லாமல் பனிக்கட்டியை உடைக்க முடியாதா?

முடியும், அதில் எனக்கு மிகுந்த நம்பிக்கையும் உண்டு. தோலுக்குப் பின்னால் தட்டையான கம்பிச் சுருள்களை வைத்து, மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரு நொடிப்பொழுதில் பாய்ச்சினால், தோலில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் சுருளை எதிர்த்து விலகும். தோல் துடித்து, பனிக்கட்டி நொறுங்கி விழும். சோவியத் தயாரிப்பான இல்யூஷின் 86 விமானத்தில் இந்த மின்துடிப்பு முறை பயன்பட்டது. செலவாகும் ஆற்றல் சூடேற்றிகளுக்கு ஆவதோடு ஒப்பிட மிகக் குறைவு. குறைகளும் உண்டு: ஒவ்வொரு துடிப்பும் தோலைச் சோர்வடையச் செய்கிறது, சத்தம் கேட்கிறது, மிக மெல்லிய படலத்தை இது சரியாக உடைப்பதில்லை. ஆகவே நடுப்பட்டையில் வெப்பம், மற்ற இடத்தில் துடிப்பு என்று இரண்டையும் இணைக்கும் கலப்பு முறைகள் வந்துள்ளன. பீசோ மின்படிகங்களால் தோலை அதிரவைக்கும் முறை ஆய்வில் இருக்கிறது. பழைய ரப்பர்ப் பட்டைகளையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு சிறு மின் அழுத்தியே அவற்றை உப்பவைத்துவிடும்.

பனிக்கட்டி ஒட்டாத பூச்சு ஒன்றைப் பூசிவிட்டால் போதாதா?

போதாது. தாமரை இலை போல நீரை உருட்டிவிடும் பரப்புகள் ஆய்வகத்தில் அழகாக வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் நுண்மேடுகளுக்கு இடையே ஈரம் புகுந்து உறைந்தால், பனிக்கட்டி வழக்கத்தைவிட இறுக்கமாகவே பற்றிக்கொள்ளக்கூடும். மழைத்துளி, மணல், பூச்சி ஆகியவை முன்விளிம்பை அரித்துக்கொண்டே இருப்பதால் பூச்சு நீடிப்பதும் கடினம். ஒட்டும் வலிமையைக் குறைத்துச் சூடேற்றியின் வேலையை இலகுவாக்கும் துணையாக மட்டும் பூச்சை வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாரும் பேட்டரியும் வெளிவிடும் வெப்பத்தை இறக்கைக்குத் திருப்பலாமே?

நல்ல கேள்வி. 150 கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்கு வெப்பமானால் 15 கிலோவாட். முன்னே கண்ட ஈர முறைக்கு அது போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த வெப்பம் 40, 60 டிகிரி அளவில், மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று சிதறிக் கிடக்கிறது. அதைத் திரவக் குழாய்களில் ஏற்றி இறக்கையின் நுனிவரை கொண்டுபோனால் குழாயின் எடையும் கசிவின் அபாயமும் சேர்ந்துகொள்ளும். மேலும் குளிரில் பேட்டரிக்கே அந்த வெப்பம் வேண்டும்: குளிர்ந்த கலத்தில் உள்மின்தடை ஏறி, கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. மோட்டாரை ஒட்டிய பகுதிகளுக்கு மட்டும் இது பொருத்தமாக எனக்குப் படுகிறது. ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் பறக்கும் விமானத்தில் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய பாதி ஆற்றல் வெப்பமாகவே வெளிவருவதால் இறக்கையைச் சூடாக்கத் தாராளமாகக் கிடைக்கும்.

செங்குத்தாக எழும்பும் மின் டாக்சிகளுக்கும் ட்ரோன்களுக்கும் இது பொருந்துமா?

இன்னும் கடுமையாகப் பொருந்தும். சுழலும் சிறு தகடுகள் மெல்லியவை, வேகமானவை. துளிகளை மிகத் திறமையாகச் சேகரிப்பவை. ஒரு தகட்டில் மட்டும் பனிக்கட்டி உதிர்ந்தால் சமநிலை குலைந்து அதிர்வு எழும். உதிர்ந்த துண்டு பக்கத்துத் தகட்டிலோ உடற்பகுதியிலோ மோதும். எழும்புவதற்கு ஒரு கூட்டம் சுழலிகள், முன்னோக்கிப் பறப்பதற்கு வேறொரு சுழலி என்று அமைந்த விமானங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பறக்கும் நேரம் முழுவதும் நின்றிருக்கும் எழும்பு சுழலிகளில் பனிக்கட்டி அமைதியாகச் சேர்கிறது. தரையிறங்கும் கடைசி நிமிடத்தில்தான் அவற்றைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. எட்டுச் சுழலிகள் இருந்தால் எட்டுக்கும் சூடேற்றி, எட்டுக்கும் கம்பி, எட்டுக்கும் கட்டுப்பாடு. குமரிக் கடலில் காணாமல் போன படகைத் தேடத் தாழப் பறக்கும் ட்ரோனுக்கு இந்தக் கவலை இல்லை. இமயமலையில் பறக்கும் ட்ரோனுக்கு உண்டு.

முப்பந்தல் காற்றாலை இறகுகளுக்கு இப்படி ஏதாவது இருக்கிறதா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தேவையில்லை. ஸ்வீடன், பின்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் இறகுக்குள் கார்பன் இழைச் சூடேற்றியோ சூடான காற்றோட்டமோ வைத்த காற்றாலைகள் இயங்குகின்றன. பனி படிந்த இறகு மின்னுற்பத்தியை இழப்பதோடு பனிக்கட்டியைத் தொலைவுக்கு வீசவும் செய்யும். தொழில்நுட்பம் நெருங்கிய உறவுதான். ஆனால் காற்றாலை தன் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டியதில்லை.

மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் குழாய்களில் படியும் வெண்பனியும் இதுவும் ஒன்றா?

இல்லை. மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜன் ஓடும் குழாயில் காற்றின் நீராவி நேரடியாகப் படிகமாகிறது. மேகத்தில் நடப்பது நீர்த்துளி மோதி உறைவது. குழாயில் காண்பதற்கு உறவானது, குளிர்நாட்டில் இரவெல்லாம் வெளியே நின்ற விமானத்தின் இறக்கையில் படியும் உறைபனி. அதைத் துடைக்காமல் கிளம்பக் கூடாது என்பதே பொதுவான விதி.

பனிக்கட்டி படிகிறது என்பது எப்படித் தெரியும்? எப்போது இயக்க வேண்டும்?

விரலளவு உலோகக் கம்பி ஒன்று உடற்பகுதியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அது வினாடிக்கு 40,000 முறை அதிர்ந்துகொண்டே இருக்கும். பனிக்கட்டியின் எடை ஏறினால் அதிர்வெண் குறையும், கருவி விமானிக்கு எச்சரிக்கை தரும். ரப்பர்ப் பட்டைகளை அவசரப்பட்டு இயக்கினால் பனிக்கட்டி அதன் மேல் பாலம் கட்டிவிடும், கால் அங்குலமாவது சேரட்டும் என்று ஒரு காலத்தில் விமானிகளுக்குச் சொல்லித்தந்தார்கள். நவீனப் பட்டைகளில் அந்த அச்சம் ஆதாரமற்றது என்று கண்ட அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பனிக்கட்டிச் சூழலுக்குள் நுழைந்ததுமே இயக்குங்கள் என்று 2008இல் எச்சரிக்கை வெளியிட்டது. மின்விமானத்துக்கு இந்தப் பாடம் கூடுதல் கனமுடையது: பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைத்து விமானி தயங்கும் நிலையை வடிவமைப்பு உருவாக்கவே கூடாது. எனவே எச்சரிக்கைக் கருவியே தானாக இயக்கத்தைத் தொடங்க வேண்டும். அதோடு, இந்த மேகத்தில் இன்னும் எத்தனை நிமிடம் பாதுகாப்பாக இருக்க முடியும், இருப்பு தொடப்படாமல் எந்த நிலையத்தில் இறங்கலாம் என்பதையும் திரையில் காட்ட வேண்டும்.

பனிக்கட்டிச் சூழலில் பறக்கச் சான்றிதழ் பெற்ற மின்விமானம் இருக்கிறதா?

முழு வகைச் சான்றிதழ் பெற்ற முதல் மின்விமானம், 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் ஒப்புதலைப் பெற்ற பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ. இரண்டு இருக்கைகள் கொண்ட அந்தப் பயிற்சி விமானம் பகலில், தெளிந்த பார்வை உள்ள வானிலையில் மட்டும் பறப்பது. பனிக்கட்டிச் சூழலுக்கு அதற்கு அனுமதி இல்லை. பயிற்சிக்கு அது போதும். அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் சேவைக்குப் போதாது, ஏனென்றால் மேகத்தைக் கண்டால் ரத்தாகும் விமானத்தை நம்பி யாரும் பயணச்சீட்டு வாங்க மாட்டார்கள்.

பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதிகள் நெடுங்காலம் 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) வரையிலான துளிகளுக்கே சோதனை கேட்டன. ரோஸ்லான் விபத்துக்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல்தான் அதைவிடப் பெரிய மிகைக்குளிர்ந்த துளிகளுக்கான இணைப்பு விதிகளில் சேர்ந்தது. சோதனைகள் மூன்று கட்டமாக நடக்கின்றன: கணினியில் பனி வளர்ச்சியைக் கணித்தல், பனிக்கட்டிக் காற்றுச்சுரங்கத்தில் ஆய்வு, பின் இயற்கை மேகங்களுக்குள் பறத்தல். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1944 முதல் இயங்கும் நாசாவின் சுரங்கம் இத்துறையின் தாய்வீடு.

கல்லூரி அளவில் இதில் செய்யக்கூடிய திட்டப்பணி ஏதாவது உண்டா?

உண்டு, பெரிய செலவும் இல்லை. பத்து சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தகடுகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று மெருகேற்றியது, ஒன்று உப்புத்தாளால் தேய்த்தது, ஒன்று பெயிண்ட் அடித்தது. ஒவ்வொன்றின் பின்புறமும் மின்காப்புத் தாளின் மேல் நிக்ரோம் கம்பியைச் சீராகப் பரப்பி ஒட்டி, வெப்பமானி ஒன்றையும் பொருத்துங்கள். முன்புறத்தில் நீரை ஊற்றி ஐஸ் பிளாண்டின் குளிரறையிலோ ஆழ்உறைவுப் பெட்டியிலோ உறையவிட்டு, தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, கார் பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைக் கொடுங்கள். வீட்டு மின்சாரத்தை ஈரத்துக்கு அருகே கொண்டுவரவே வேண்டாம்.

0.1 மில்லிமீட்டர் படலத்தை உருக்க இந்தப் பரப்புக்குக் கொள்கைப்படி ஏறக்குறைய 300 ஜூல் போதும். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொண்டு, கட்டி நழுவும் வினாடியைக் கைப்பேசிக் காணொளியில் பிடித்தால் உண்மையில் செலவான ஜூல் கிடைத்துவிடும். அதே தகட்டுக்கு ஒருமுறை குறைந்த மின்னோட்டத்தை நீண்ட நேரமும், மறுமுறை அதிக மின்னோட்டத்தைக் குறுகிய நேரமும் கொடுத்து ஒப்பிட வேண்டும். குறுகிய, பலமான துடிப்பில் மொத்தச் செலவு குறைய வேண்டும், ஏனென்றால் வெப்பம் தகட்டுக்குள்ளும் கட்டிக்குள்ளும் பரவ நேரம் இராது. பெட்டியில் மெதுவாக உறைந்த நீர், மிகைக்குளிர்ந்த துளி மோதி உறைந்த பனிக்கட்டிக்கு ஈடாகாது என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதிவிட்டு, 300 ஜூலுக்கு மேல் செலவான ஒவ்வொரு ஜூலும் எங்கே போனது என்பதைத் தகட்டின் வெப்பநிலைக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டுங்கள்.